தரை தொடும் வித்தை

பனையேறிகளைக் கேட்டுப் பாருங்கள். மரம் ஏறுவதில் ஒன்றும் பிரமாதமில்லை என்றுதான் சொல்வார்கள். ஏறும்போது கண் மேலே நோக்கியிருக்கிறது. கை பற்ற வேண்டிய இடம் தெரிகிறது. இறங்கும்போதோ காலே கண்ணாக வேண்டியிருக்கிறது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பனந்தோப்புகளில் வெகு காலமாகத் தெரிந்திருக்கும் இந்த விஷயம், ஆகாய விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் முதல் சில வாரங்களுக்குள் தெரிந்துவிடுகிறது. விமானத்தைக் கிளப்பி மேலே கொண்டுபோவதை இரண்டொரு நாளில் கற்றுக்கொள்ளலாம். அதைத் திரும்பவும் பூமியின்மீது பத்திரமாகக் கொண்டுவந்து வைப்பதற்குத்தான் நாட்கள் பிடிக்கின்றன. சிலருக்கு மாதங்கள் பிடிக்கின்றன. எப்போதாவது ஒருவருக்கு உயிரே விலையாகிவிடுகிறது.

2025-ம் வருஷம் நவம்பர் மாதம் 13-ந் தேதி திருச்சி - புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தவர்கள் தங்கள் ஆயுளில் மறக்க முடியாத காட்சி ஒன்றைக் கண்டார்கள். சேலத்திலிருந்து புறப்பட்ட சிறிய பயிற்சி விமானம் ஒன்று, கீரனூருக்கும் நார்த்தாமலைக்கும் சமீபத்தில் உள்ள அம்மாசத்திரத்தில், நட்ட நடுச் சாலையில் இறங்கி நின்றது. உள்ளே இருவர் இருந்தனர். இருவருக்கும் காயமில்லை. விமானத்தின் முன்பாகம் மட்டும் சேதமடைந்தது. சாலையில் போன ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. சற்று நேரத்துக்கெல்லாம் ஊர் முழுதும் அங்கே கூடிவிட்டது என்றும், ஒவ்வொருவர் கையிலும் ஒரு செல்போன் உயர்ந்து நின்றது என்றும் சொல்ல வேண்டியதில்லை. நாமும் அன்று மாலை அந்தப் படத்தைப் பார்த்தோம். லாரியும் பஸ்ஸும் போகிற தார்ச்சாலையின் மேல், சிறகு விரித்த பறவைபோல் ஒரு வெள்ளை விமானம் நின்றது வெகு விநோதமாய்த்தான் இருந்தது.

புதுவாயலில் இருக்கும் நமக்கு இதில் தனியான சிரத்தை ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. நம் ஊர் வாசலிலும் ஒரு நெடுஞ்சாலை ஓடுகிறது. சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போகும் அந்தப் பெருஞ்சாலையில்தான் கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நாம் பஸ் ஏறுகிறோம். இதே சாலை வடக்கே ஆந்திரத்தில் பாபட்லா மாவட்டத்தைக் கடக்கும்போது, நான்கு கிலோ மீட்டருக்கு மேற்பட்ட ஒரு பகுதி, அவசர காலத்தில் விமானம் இறங்குவதற்கென்றே தனியாய்க் கட்டப்பட்டிருக்கிறது. 2024-ம் வருஷம் மார்ச்சு மாதம் 18-ந் தேதி நமது விமானப் படையின் விமானங்கள் அங்கே வந்து பயிற்சி செய்துவிட்டுப் போயின. சாலையில் விமானம் இறங்குவது இனி கதையில் வரும் சமாசாரம் அல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அங்கே போக்குவரத்தை நிறுத்தி, நாயும் மாடும் வராமல் காவல் போட்டுவிட்டுத்தான் இறங்கினார்கள். அம்மாசத்திரத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது.

நமது பக்கத்துக்கு விமானம் புதிதும் அல்ல. இரண்டாவது உலக மகா யுத்தத்தின்போது சோழவரத்தில் ஒரு விமான தளம் அமைத்தார்கள். செங்குன்றம் ஏரியில் 'காடலினா' என்னும் நீர் விமானங்கள் இறங்கி ஏறின. ஏரித் தண்ணீரே அவற்றுக்கு ஓடுபாதை. யுத்தம் முடிந்து, விமானங்கள் போன பிறகு, சோழவரத்து ஓடுபாதையில் மோட்டார்ப் பந்தயம் நடக்க ஆரம்பித்தது. பல வருஷங்கள் சென்னை வாலிபர்கள் அங்கே காரையும் மோட்டார் சைக்கிளையும் விரட்டினார்கள். பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே பாதை அமைந்ததும் அதுவும் நின்றது. இந்தத் தளத்தைப் பற்றி நம் பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

நிற்க. விமானம் தரையில் இறங்குவது எப்படி என்று பார்ப்போம். இதில்தான் விஷயமே இருக்கிறது.

உலகத்தில் மிகுதியாய்ப் புழங்கும் சிறு விமானம் அமெரிக்காவில் செய்யப்படும் 'செஸ்னா 172'. முதன் முதல் 1955-ல் பறந்த இந்த ரகத்தில் இதுவரை 44,000-க்கு மேற்பட்டவை செய்யப்பட்டிருக்கின்றன. வேறு எந்த விமானமும் இத்தனை செய்யப்பட்டதில்லை. நான்கு பேர் உட்காரலாம். ஆட்களும் எண்ணெயும் ஏறிய பிறகு அதன் எடை சுமார் 1,100 கிலோ. அதாவது பழைய அம்பாஸிடர் மோட்டார் வண்டி ஒன்றின் எடைதான். இறங்க வரும்போது அது மணிக்கு ஏறக்குறைய 120 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிறது. நம் சாலையில் அவ்வளவு வேகமாய்க் கார் ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் காற்றைப் பற்றிக் கவலையில்லை. விமானிக்கோ காற்றுத்தான் தரை. அந்தக் காற்று, ஓடுபாதைக்கு நேராக வீசாமல் பக்கவாட்டில் வீசினால், விமானம் ஆற்றில் குறுக்கே போகும் பரிசல்போல் ஒதுங்கிப் போகும்.

ஓடுபாதையின் தலைப்புக்கு வந்ததும் விமானி இயந்திரத்தின் சக்தியைக் குறைக்கிறான். விமானம் சரிந்து வருகிறது. தரை கிட்ட வந்ததும், ஏறக்குறைய ஓட்டு வீட்டுக் கூரை உயரத்திலிருந்து, விமானத்தின் மூக்கை மெள்ள மெள்ளத் தூக்க ஆரம்பிக்கிறான். 'ஃபிளேர்' என்று விமானிகள் சொல்வது இதைத்தான். மூக்கு உயர உயர வேகம் குறைகிறது. பின் பக்கத்திலுள்ள இரண்டு பெரிய சக்கரங்களும் முதலில் தரையைத் தொட வேண்டும். மூக்கின் கீழுள்ள சிறு சக்கரம் கடைசியில், தானாக, களைத்துப்போய்த் தலை சாய்வதுபோல் கீழே வர வேண்டும். அந்தச் சிறு சக்கரம் வண்டியைத் திருப்புவதற்காக ஏற்பட்டது. இறங்கும் அதிர்ச்சி முழுவதையும் தாங்குவதற்கு ஏற்பட்டதல்ல.

இதை எழுதுவதற்கு நமக்கு ஒரு பாரா போதுமானதாயிருந்தது. செய்வதற்குச் சில விநாடிகள்தான் கிடைக்கும். புது மாணவன் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றே. வேகம் சற்று அதிகமாய் வந்துவிடுகிறான். தரைக்கு மிகச் சமீபத்தில் சிறகின் கீழே காற்று மெத்தைபோல் தாங்குவதால் விமானம் இறங்க மாட்டேன் என்று மிதந்துகொண்டே போகிறது. ஓடுபாதை தீர்ந்துகொண்டு வருகிறதே என்ற பயத்தில் மாணவன் மூக்கைக் கீழே அழுத்துகிறான். சிறு சக்கரம் தரையில் மோதுகிறது. விமானம் பந்துபோல் எம்பிக் குதிக்கிறது. பதறிப்போய் மறுபடி அழுத்துகிறான். முன்னைக் காட்டிலும் பலமாய் மோதி, முன்னைக் காட்டிலும் உயரக் குதிக்கிறது. மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ மூக்குச் சக்கரத்தின் தண்டு மடிந்துவிடுகிறது. சுழலும் விசிறி தரையில் பட்டு வளைகிறது. அப்புறம் அந்த இயந்திரத்தைப் பிரித்துப் பரிசோதித்த பிறகே மறுபடியும் பறக்க விடலாம். மாணவனுக்கு அநேகமாய் முழங்காலில் சிராய்ப்புக்கூட இருக்காது. ஆனால் அன்று இரவு தூக்கம் வராது.

இதற்குப் பரிகாரம் மிக எளியது. முதல் குதிப்பிலேயே இயந்திரத்துக்கு முழுச் சக்தியையும் கொடுத்து மேலே கிளம்பிவிட வேண்டும். ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி இறங்கலாம். எண்ணெய்க்குக் கொஞ்சம் செலவு, அவ்வளவுதான். ஆனால் 'இறங்கியே தீர்வது' என்று ஒருவன் தீர்மானித்துவிட்டால், பிறகு அந்தத் தீர்மானத்தை மாற்றிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பது பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை பார்த்திருக்கும் நமக்கு நன்றாய்த் தெரியும். முதல் வரியிலேயே பிசகிப்போன கணக்கை அடித்துவிட்டு மறுபடி போடாமல், பக்கம் பக்கமாய்ப் போட்டுக்கொண்டே போகும் பிள்ளைகளை வருஷந்தோறும் பார்க்கிறோம்.

இன்னொரு தவறு கண்ணைப் பற்றியது. மாணவன் தரை எங்கே என்று மூக்கின் முன்னாலேயே உற்றுப் பார்க்கிறான். அப்படிப் பார்த்தால் தரை ஓடுகிறதே தவிர, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது தெரியாது. ஓடுபாதையின் மறு கோடியைப் பார் என்று ஆசிரியர் கத்துகிறார். சைக்கிள் கற்றுக்கொள்ளும் சிறுவன் முன் சக்கரத்தையே பார்த்தால் வாய்க்காலில் விழுவதில்லையா? அது மாதிரிதான்.

கற்றுக்கொடுப்பவருக்குள்ள சங்கடம் நம்மைப் போன்றவர்களை மிகவும் யோசிக்கச் செய்கிறது. பயிற்சி விமானத்தில் ஓட்டும் சாதனங்கள் இரட்டையாய் இருக்கின்றன. மாணவன் முன்னால் ஒரு ஜோடி, ஆசிரியர் முன்னால் ஒரு ஜோடி. மாணவன் தவறு செய்கிறான் என்பது ஆசிரியருக்கு அவனுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. உடனே கையை நீட்டித் திருத்தினால் அவன் ஒருநாளும் கற்றுக்கொள்ள மாட்டான். ஒரு விநாடி தாமதித்துத் திருத்தினால் அவன் தன் தவறைத் தானே உணர்ந்திருப்பான். இரண்டு விநாடி தாமதித்தால் மூக்குச் சக்கரம் போய்விடும். வகுப்பறையில் தவறான விடையை முடிவு வரையில் சொல்ல விட்டுக் கேட்பது நமக்குப் பழக்கம். கரும்பலகை உடைந்து போவதில்லை. அந்த ஆசிரியர்கள் ஒரு நாளில் பல தடவை, மடியின்மேல் கையை வைத்துக்கொண்டு, அந்த ஒரு விநாடியை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆதியில் இப்படி இல்லை. முதல் உலக யுத்தத்தின் ஆரம்ப காலத்தில் ஆசிரியர்கள் அபாயமான நிலைமைகளிலிருந்து மாணவர்களை விலக்கியே வைத்திருந்தார்கள். அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாமலே மாணவர்கள் தனியாய்ப் பறக்கப் போய் மாண்டார்கள். 1917-ல் இங்கிலாந்தில் கோஸ்போர்ட் என்னும் இடத்தில் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி இந்த முறையைத் தலைகீழாக மாற்றினார். ஆசிரியர் அருகில் இருக்கும்போதே மாணவனை அபாயமான நிலையில் கொண்டுபோய் வைத்து, அதிலிருந்து தானே மீண்டு வரும்படி பழக்க வேண்டும் என்றார். ஆசிரியர் பேசுவது மாணவன் காதில் விழுவதற்காக ஒரு குழாயும் ஏற்படுத்தினார்கள். கோஸ்போர்ட் குழாய் என்றே அதற்குப் பெயர். பின்னால் வந்த 'டைகர் மாத்' விமானங்களிலும் இந்தக் குழாய் இருந்தது. அந்த விமானங்களுக்கு மூக்குச் சக்கரம் கிடையாது. வால் தரையில் இழுபடும். இறங்கி ஓடும்போது கால் பெடலைச் சற்றுக் கவனியாமல் விட்டால் வால் முன்னுக்கு வந்து விமானம் கிறுகிறுவென்று சுற்றிவிடும். இன்றைய மாணவர்களுக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

எல்லா மாணவரும் அம்மாசத்திரத்தில் இறங்கியவர்களைப்போல் தப்பிவிடுகிறார்கள் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. 2023-ம் வருஷம் அக்டோபரில் மகாராஷ்டிரத்திலுள்ள பாராமதியில் நான்கே நாளைக்குள் இரண்டு பயிற்சி விமானங்கள் விபத்துக்குள்ளாயின. அந்தப் பள்ளியில் பயிற்சியே நிறுத்திவைக்கப்பட்டது. 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 22-ந் தேதி குஜராத்திலுள்ள அம்ரேலியில், தனியாய்ப் பறந்த மாணவர் ஒருவர் வீடுகளுக்கு நடுவே விழுந்து உயிர் இழந்தார். இவற்றை மறைத்துவிட்டுப் பறப்பதன் பெருமையை மட்டும் எழுதுவது நியாயமாகாது.

நியாயமாகாது என்று சொல்வதற்கு நமக்குச் சொந்தக் காரணமும் ஒன்று இருக்கிறது. நம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் ஒருத்தி விமானி ஆக வேண்டும் என்று பிடிவாதமாய் இருக்கிறாள். தகப்பனார் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் லேத் வேலை பார்ப்பவர். அம்மாசத்திரத்துப் படம் செல்போனில் வந்த மறுநாள் நம்மைத் தேடி வந்தார். "சார், நீங்கதானே அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தீங்க? நீங்களே சொல்லுங்க. அனுப்பலாமா?" என்று கேட்டார்.

நாம் விமானத்தைப் பற்றி இவ்வளவும் தேடிப் படித்தது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். பணத்தைப் பற்றி முதலில் சொன்னோம். வர்த்தக விமானி ஆவதற்கு 18 வயதும், 200 மணி நேரம் பறந்த அநுபவமும் வேண்டும். இதற்கு நாற்பது ஐம்பது லட்ச ரூபாய் வரையில் ஆகிறது என்கிறார்கள். லேத் தொழிலாளி ஒருவரிடம் இந்தத் தொகையை வாய்விட்டுச் சொல்வதற்கு நமக்குக் கூச்சமாயிருந்தது. பாங்கிக் கடன், நிலம் விற்பனை என்று பேச்சுப் போயிற்று. ஆனால் அவர் பயந்தது பணத்துக்கு அல்ல. "இயந்திரம் நின்னுபோச்சுன்னா அப்படியே கல்லு மாதிரி விழுமா சார்?" என்பதே அவருடைய கேள்வி.

விழாது. இதை அவருக்குக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினோம். இயந்திரம் நின்றுபோனால் செஸ்னா போன்ற விமானம் ஒரு பங்கு இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒன்பது பங்கு முன்னால் போகும். மூவாயிரம் அடி உயரத்தில் இருந்தால் காற்று அமைதியாய் இருக்கும் நாளில் எட்டு கிலோ மீட்டர் வரையில் சறுக்கிக்கொண்டு போகலாம். அதாவது புதுவாயலுக்கு மேலே இயந்திரம் நின்றால் கவரைப்பேட்டையைத் தாண்டியும் போகலாம். அந்தச் சில நிமிஷத்துக்குள் நல்ல இடம் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அறுவடையான வயல் நல்லது. சேற்று வயலில் சக்கரம் புதைந்து குப்புறக் கவிழும். சாலை கெட்டியானது, ஆனால் குறுக்கே மின்சாரக் கம்பிகளும், ஓரத்தில் புளிய மரங்களும், எதிரே லாரிகளும் உண்டு. விமானிகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று இருக்கிறதாம்: முதல் காரியம் விமானத்தைப் பறக்க வைப்பது, இரண்டாவது, எங்கே போவது என்று பார்ப்பது, ரேடியோவில் பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம். தகப்பனார் படத்தை வாங்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

பெண்ணுக்கு நாம் வேறு கதைகள் சொன்னோம். 1929-ல் ஆகா கான் ஒரு பரிசு ஏற்படுத்தினார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாய்ப் பறந்து, குறித்த காலத்துக்குள் முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன். மன்மோகன் சிங், அஸ்பி எஞ்சினியர், ஜே. ஆர். டி. டாட்டா ஆகிய மூவர் போட்டியிட்டனர். மன்மோகன் சிங் தம் விமானத்துக்கு 'மிஸ் இந்தியா' என்று பெயர் வைத்திருந்தார். மூடுபனியில் வழி தப்பித் தப்பித் திரும்பி வந்ததைப் பார்த்த ஆங்கிலப் பத்திரிகாசிரியர் ஒருவர், பெயருக்கேற்றபடி இவர் இந்தியாவைத் தவறவிட்டாலும் விடுவார் என்று கேலி செய்தார். பிறகு அவர் தெற்குப் பிரான்ஸில் ஒரு சதுப்பு நிலத்தில் இறங்க நேர்ந்தது. இந்தியா வந்து சேர்ந்தார். ஆனால் கெடு தாண்டிவிட்டது. அஸ்பிக்கு அப்போது வயது 17. எகிப்தில் அபூகிர் என்னும் இடத்தில் இயந்திரத்துக்கு வேண்டிய பிளக் இல்லாமல் அகப்பட்டுக்கொண்டு நின்றார். எதிர்த் திசையில் வந்த டாட்டா தம்மிடமிருந்த உபரிப் பிளக்குகளைக் கொடுத்தார். அஸ்பி சில மணி நேர வித்தியாசத்தில் டாட்டாவை ஜெயித்துவிட்டார். 1960-ல் அவரே இந்திய விமானப் படையின் தலைவரானார். பிளக் கொடுத்ததற்காக டாட்டா பின்னால் வருத்தப்பட்டதாய்த் தெரியவில்லை.

சுதேசி விமானம் என்று ஒன்று உண்டா என்று அவள் கேட்டாள். உண்டு. பெங்களூர் ஹிந்துஸ்தான் தொழிற்சாலையில் டாக்டர் காட்கேயின் திட்டப்படி செய்த 'எச்.டி. 2' 1951-ல் பறந்தது. 'புஷ்பக்' 1958-ல் வந்தது; பறக்கும் சங்கங்களில் எத்தனையோ பேர் அதில் கற்றார்கள். பின்னர் தேசிய விமான ஆராய்ச்சிச் சாலை 'ஹன்ஸா'வைச் செய்தது. அதன் புதிய ரகம் 2021-ம் வருஷம் செப்டம்பரில் முதல் தடவை பறந்தது. இவ்வளவு இருந்தும் நம் நாட்டுப் பறக்கும் பள்ளிகளில் பெரும்பாலும் அந்நிய விமானங்களே நிற்கின்றன. சந்திரனுக்குக் கலம் அனுப்பி மெதுவாய்த் தரையில் இறக்கிய தேசம், பிள்ளைகள் இறங்கிப் பழகுவதற்கு வேண்டிய விமானத்தை வெளியிலிருந்து வாங்குவது நமக்குச் சமாதானமாய் இல்லை.

ஆஸ்திரேலியாவில் 2019-ல் நடந்த ஒன்றைச் சொன்னபோது அவள் வெகு நேரம் பேசவில்லை. பெர்த் நகரத்துக்கு அருகே ஜண்டகாட் என்னும் விமான நிலையம். இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிறு செஸ்னா. மாணவருக்கு அந்த ரக விமானத்தில் அதுதான் முதல் பாடம். ஆகாயத்தில் ஆசிரியர் மூர்ச்சையாகி மாணவரின் தோளில் சாய்ந்துவிட்டார். தரையிலிருந்த அதிகாரி ரேடியோவில் பேசிப் பேசி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவரைச் சுற்ற வைத்துப் பழக்கினார். மனைவியும் குழந்தைகளும் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அந்த மாணவர் விமானத்தை ஓடுபாதையிலேயே இறக்கி நிறுத்தினார். அதற்கு முந்திய வருஷம் அமெரிக்காவில் பெவர்லி என்னும் ஊரில், 17 வயதுப் பெண் ஒருத்தி தனியாய்க் கிளம்பினாள். கிளம்பும்போதே வலது பக்கத்துச் சக்கரம் கழன்று விழுந்துவிட்டது. அவளுடைய ஆசிரியர் தரையில் நின்று ரேடியோ மூலம் ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டே வந்தார். விமானம் ஓடுபாதையைவிட்டுப் புல்லில் இழுத்துக்கொண்டு போய் நின்றது; பெண்ணுக்கு ஒன்றும் நேரவில்லை.

"அவங்க வாத்தியார் கீழேதான் நின்னாரா சார்?" என்று தகப்பனார் குறுக்கிட்டார். ஆம், முதல் தனிப் பறப்பு என்பது எல்லோருக்கும் அப்படித்தான் என்றோம். பத்து, பதினைந்து, இருபது மணி நேரம் கூடவே பறந்த ஆசிரியர், ஒரு நாள் ஓடுபாதை ஓரத்தில் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, ஒரே ஒரு சுற்றுப் போய் வா என்று அனுப்பிவிடுவார். ஓர் ஆள் கனம் குறைந்துவிட்டதால் விமானம் வழக்கத்தைவிட வேகமாய் மேலே ஏறும். இறங்கும்போதும் வழக்கத்தைவிட அதிகத் தூரம் மிதக்கும். அதை முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்புவார்கள். இருந்தாலும் திடுக்கிடாத மாணவர் குறைவு.

அவர் எழுந்து நின்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வைத்தியப் பரிசோதனைக்கு முதலில் பெயர் கொடுப்பது, அதில் தேறினால் மற்றதைப் பேசுவது என்று முடிவாயிற்று. பெண் மூக்குக் கண்ணாடி அணிகிறவள். அதனால் தள்ளிவிடுவார்களோ என்று தாயாருக்குக் கவலையாம். கண்ணாடியினால் பார்வை சரியாகிறவர்களுக்கு விதியில் இடம் உண்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.